வண்டிப்பேட்டைக் கோயிலின் மேற்குச் சுவர்

ஏழாம் நாள் பூசையை முடித்துவிட்டு மேடைக்கு வந்து அமர்ந்திருக்கும் பங்குச் சாமியார் அவர்களே! கோயில் கமிட்டிச் செயலாளர் சந்தியாகு அவர்களே! வேலந்தாவளம் ரோட்டில் சூளை போட்டு, நமக்கும் தமக்கும் சாமி வேறு என்று பார்க்காமல், பாட்டன் காலந்தொட்டு நம் கோயிலுக்குச் சுண்ணாம்பு கொடுத்துவரும் குடும்பத்துப் பொங்கியண்ணன் அவர்களே! முன்வரிசையில் வெள்ளை முக்காட்டோடு உட்கார்ந்திருக்கும் வியாகுலம்மாள் அவர்களே! பந்தலுக்குள் இடம் பிடித்தவர்களே, பிடிக்க முடியாமல் வெயிலில் நிற்பவர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் சூசையப்பன். கால்வாய் வேலையில் ஓவர்சியர். பாலிடெக்னிக்கில் கட்டடம் படித்தவன். மேடையில் பேசிப் பழக்கமில்லை. செயலாளர் ஐந்து நிமிஷம் தந்திருக்கிறார். எனக்கு முன்னால் பேசிய மூன்று பேருக்கும் நேரம் சொல்லவில்லை. எனக்கு மட்டும் சொன்னார். ஏன் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

கைக்காரர் சுவக்கீன் போய்விட்டார்! மலையிலிருந்து வந்திருக்கும் சொந்தக்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மலையாளத்தாரின் மாதா கோயில்களில் நிர்வாகம் பார்ப்பவரைக் கைக்காரர் என்பார்கள். அந்தச் சொல்லை நாமும் எடுத்துக்கொண்டோம். நம் வண்டிப்பேட்டை மாதா கோயிலில் அந்தப் பதவிக்கு வந்த முதல் மலைக்காரர் சுவக்கீன். கடைசி மலைக்காரராகவும் அவரே இருந்துவிடக் கூடாது என்பது என் கவலை.

முன்னால் பேசியவர்கள் என்ன சொன்னார்கள்? தூண் சாய்ந்தது என்றார்கள். விளக்கு அணைந்தது என்றார்கள். சரி, சாவு வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல இன்னொன்றும் சொன்னார்கள். பழைய கோயிலை இடித்துவிட்டு கான்கிரீட்டில் புதுக் கோயில் கட்ட வேண்டும் என்பதே அவருடைய கடைசி ஆசையாம்!

கடைசி ஆசையா! யாரிடம் சொன்னார்? எங்கே நின்று சொன்னார்? எந்த வாயால் சொன்னார்? கேட்ட ஒருவர் எழுந்து நிற்கட்டும்.

யாரும் நிற்கவில்லை.

இதோ, மாலை போட்ட அவர் படத்துக்குப் பக்கத்தில் நீலக் காகிதத்தில் ஒரு கட்டட வரைபடம் தொங்குகிறது. 'சுவக்கீன் நினைவு ஆலயம்' என்று தலைப்பு. கீழே தெருவைப் பார்த்து வரிசையாகக் கடைகள், மேலே கோயில். அழகான படம். எனக்கு இந்த வேலை தெரியும், நானே வரைகிறவன். இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு அளவெடுத்து, வரைந்து, படியெடுக்க ஒரு வாரம் போதாது. மனிதர் இறந்து இன்றைக்கு ஏழாம் நாள். அப்படியானால் இந்தப் படம் எப்போது வரையப்பட்டது? அவர் உயிரோடு நடமாடிய நாளில்! மற்ற எழுத்தெல்லாம் நீலத்தில் வெள்ளையாக இருக்கிறது. அவர் பெயர் மட்டும் தனிக் காகிதத்தில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. பசை இன்னும் காயவில்லை. இவர் சாகாமல் இருந்திருந்தால் அங்கே யார் பெயர் ஒட்டப்பட்டிருக்கும்?

செயலாளர் மணியைத் தட்டுகிறார். தட்டட்டும். நான் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. சந்தேகம் என்று சொல்கிறேன். சந்தேகம் என் தொழில். பாலம் நிற்கும் என்று நம்புகிறவனுக்குப் பாலம் கட்ட வராது.

இந்தக் கோயில் எப்படி வந்தது? போன திருவிழாவில் அச்சடித்த மலரில் ஒரு வரலாறு இருக்கிறது. பிரான்சிலிருந்து வந்த ஒரு சாமியார் கட்டினாராம். கட்டினாராம்! அவர் ஒரு கல்லையாவது தூக்கியிருப்பாரா? கணவாய் வழியாகக் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து கருவாடும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு வந்த வண்டிக்காரர்கள், மாட்டை அவிழ்த்துவிட்ட இடத்தில் ஓலைக் கொட்டகை போட்டு மாதா சுரூபத்தை வைத்தார்கள். அதனால்தான் வண்டிப்பேட்டைக் கோயில். அவர்களும் அவர்கள் பெண்டுகளும் சிவந்த வெட்டுக்கல் சுமந்தார்கள். பிறகு ரயில் பாதை போட வந்த கூலிகள் சேர்ந்து, கோயிலை இரண்டு சன்னல் நீளத்துக்கு நீட்டினார்கள். நீட்டிய இடத்தில் தரைக்கல்லின் நிறம் மாறுவதை இன்றைக்கும் பார்க்கலாம்.

மலர் சொல்லாத இன்னொன்று உண்டு. கோயிலுக்குள் நடுவே ஒரு மரக் கிராதி இருந்தது. கிராதிக்கு இந்தப் பக்கம் சிலர், அந்தப் பக்கம் சிலர். எந்தச் சாதி எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிராதியை எப்போது எடுத்தார்கள் என்று மலரில் இல்லை. கிராதி இருந்ததாகவே மலரில் இல்லை! ஆனால் தரைக்கல்லில் துளைகள் இருக்கின்றன. வரிசையாக, பீடத்திலிருந்து வாசல்வரை. பாய் விரித்து மறைத்திருக்கிறார்கள். பாயைத் தூக்கிப் பாருங்கள்.

கிராதி போயிற்று. பிரிவு போயிற்றா? சுவருக்குப் போயிற்று.

நம் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. வேறெங்கும் நான் கண்டதில்லை. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் தொடங்கியதும், ஒரு சன்னலுக்கும் அடுத்த சன்னலுக்கும் இடையிலுள்ள சுவரை ஒவ்வொரு குடும்பம் வெள்ளையடிக்கும். அது அந்தக் குடும்பத்தின் சுவர். கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது. வீட்டு ஆட்களே ஏணி போட்டு, உயிர்த்த ஞாயிறுக்குள் முடிக்க வேண்டும். பெண் கேட்டு வருகிறவர்களிடம் "உங்க சுவர் எதுங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். தெருவைப் பார்த்த சுவர் என்றால் காப்பி வரும். பக்கச் சுவர் என்றால் மோர் வரும். சுவரே இல்லாத குடும்பம் என்றால்?

சுவக்கீன் குடும்பத்துக்குச் சுவர் இல்லை. அவருடைய அப்பா மலையில் ஏலத் தோட்டத்துக் கூலி. இவர் கம்பம்மெட்டில் ஏலக்காய் மூட்டை தூக்கி, பிறகு மூட்டை வாங்கி, பிறகு மூட்டை விற்று, இந்த ஊரில் கடை வைத்தார். பூசைக்குத் தவறாமல் வந்தார். நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். ஒரு நாள் கமிட்டி முன்னால் போய் நின்று, தனக்கும் ஒரு சுவர் வேண்டும் என்று கேட்டார். கமிட்டியில் இருந்த ஒருவர் சொன்னாராம்:

"சுவரா? மலையில வெள்ளையடிக்க லயத்துச் சுவரு இல்லியா உமக்கு?"

தோட்டக் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் வீடுதான் லயம். சொன்னவர் இந்தப் பந்தலில் இருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன். தலையைக் குனிந்துகொள்ளவும் வேண்டாம். அப்படியே இருங்கள்.

கடைசியில் ஒரு சுவர் கொடுத்தார்கள். எந்தச் சுவர்? மேற்குச் சுவர். கோயிலின் முதுகு. சாக்கடைச் சந்துப் பக்கம் பார்த்த சுவர். யாரும் பார்க்காத, மூக்கைப் பிடித்துக்கொண்டு மட்டுமே நிற்க முடிகிற சுவர்! அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போய் என்ன சொன்னார் என்று அவர் மனைவி வியாகுலம்மாள் எனக்குச் சொன்னார்.

"குடுத்துட்டானுவ வியாகுலம்."

"பின்பக்கமாமே? நாறுற சந்தாமே?"

"பின்பக்கந்தான். அந்தச் சுவருக்கு உள்பக்கம் யாரு சாஞ்சு நிக்கா? பீடத்துல மாதா நிக்கா! நம்ம சுவத்துலதான் சாஞ்சு நிக்கா, தெரிஞ்சுக்கோ."

இதை எந்தப் பேச்சாளர் சொன்னார்? விளக்கு, தூண் என்கிறார்களே, இந்த மனிதரை யாராவது பார்த்தார்களா?

அவர் சுண்ணாம்பு அடிக்கவில்லை. சுண்ணாம்பு எல்லோரும் அடிப்பது. மலைக்காரன் அடித்தாலும் அதே வெள்ளைதான். எல்லோரையும் மிஞ்சுவதாக ஒன்று செய்ய வேண்டும் அவருக்கு. அப்போது தம் வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குச் சர்க்கார் பர்மிட்டில் கிடைத்த சிமென்டைக் கோயிலுக்குக் கொண்டுவந்தார். மைத்துனர் இன்னாசியையும் அவர் தம்பியையும் மலையிலிருந்து வரவழைத்து, மேற்குச் சுவர் முழுவதும் கனமாகச் சிமென்ட் பூசினார். கண்ணாடிபோல வழவழப்பு. ஊரே வந்து தடவிப் பார்த்தது. அவர் வீட்டு முன்னறை இன்றைக்கும் சாணி மெழுகிய தரைதான். துக்கம் கேட்கப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பாய் போட்டு உட்கார்ந்தீர்களே, அந்தத் தரையின் சிமென்ட்தான் கோயில் சுவரில் இருக்கிறது!

அன்றைக்கே ஒருவர் மட்டும் கேலி செய்தார். இதோ இருக்கிறார் பொங்கியண்ணன்.

"ஏனுங்க சுவக்கீன், சிமிட்டி எதுக்குங்க ஆகும்? வெத்தலைக்கு வெச்சுத் திங்கறதுக்காச்சு ஆகுமுங்களா?"

"ஏன், உம்ம சூளையில ஈ ஓட்டணுமேன்னு வயிறு எரியுதோ?"

"எரியறது சூளைங்க. எனக்கு வயிறு நல்லாத்தானுங்க இருக்குது."

இருவரும் அன்றிலிருந்து சிநேகிதர்கள். ஆனால் அவர் பேச்சை நான் அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. சுண்ணாம்பு விற்கிறவர் சிமென்டைக் குறை சொன்னால் நம்பலாமா? பொங்கியண்ணன் சிரிக்கிறார். அவருக்கும் தெரியும், நம்பக் கூடாதுதான்.

கதை இந்த வருஷத்துக்கு வருகிறது. போன ஐப்பசித் துலா மழை ஓய்ந்ததும் மேற்குச் சுவரில் ஒரு வெடிப்பு. ஓர் ஆள் நீளத்துக்குக் குறுக்கே ஓடியது. உள்ளே பீடத்தின் பின்னால் ஈரம் கசிந்தது. மாதா அழுகிறாள், புதுக் கோயில் கேட்கிறாள் என்று சிலர் கிளப்பிவிட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு காண்டிராக்டர் வந்தார். ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டே அண்ணாந்து பார்த்து, "அஸ்திவாரம் போச்சுங்க" என்றார். அஸ்திவாரம் தரைக்குக் கீழே இருக்கிறது. இவர் பார்த்தது மேலே! அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இடிப்பது என்று பேச்சு எழுந்தது. பங்கு மக்களில் படித்த பையன் ஒருவனும் ஆமாம் என்று சொன்னால் நல்லது என்று கமிட்டி என்னைக் கூப்பிட்டது. ஆமாம் சொல்வதற்காகவே கூப்பிட்டார்கள் என்று எனக்கு அன்றே சந்தேகம்.

நான் வெடிப்புக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லுகளைச் சாந்து வைத்து ஒட்டினேன். சுவர் அசைந்தால் சில்லு உடையும். அசையாவிட்டால் உடையாது. எளிய பரிசோதனை. மறுநாள் வந்து பார்த்தால் எல்லாம் உடைந்திருந்தன. புதிதாக ஒட்டினேன். அதுவும் உடைந்தது. "சுவரே சாட்சி சொல்லுது, இனி என்னத்துக்குப் பரிசோதனை?" என்றார் செயலாளர்.

நான் நம்பவில்லை. ஏனென்றால் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். சுவர் நேராக நிற்கிறது. நேராக நிற்கிற சுவரில் தினமும் கண்ணாடி உடைகிறது என்றால், உடைக்கிற கை ஒன்று இருக்க வேண்டும். யார் கை? இடித்தால் கடை கிடைக்கும் என்று நினைப்பவரா? ஸ்கூட்டர்க்காரரா? சிமென்ட் கெட்ட பெயர் எடுக்கட்டும் என்று நினைக்கிற சூளைக்காரரா? சந்துக் கதவின் சாவி யாரிடம் இருந்தது? கைக்காரரிடம்! அதனால் அவர் மேலும் எனக்குச் சந்தேகம். இதை அவர் படத்துக்கு முன்னால் நின்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அவர் முகத்துக்கு நேராகவே சொன்னவன் நான்.

அவர் சும்மா இருப்பாரா?

"ஏலே ஓவர்சியரு, எம்மேல சந்தேகமா? எனக்கு உம்மேலதாம்லே சந்தேகம். ஒட்டுறதும் நீ, ஒடஞ்சுதுன்னு சொல்லுறதும் நீ. எந்தக் கட்சிலே நீ? இடிக்கிற கட்சியா?"

"எனக்குக் கட்சி கிடையாதுங்க. அளந்து பார்த்துச் சொல்றவனுங்க."

"அளக்கிறவன் எல்லாத்தையும் நான் சந்தையில பாத்திருக்கேன். தராசுத் தட்டுக்கு அடியில புளி ஒட்டுறவனும் அளக்கிறவந்தாம்லே."

"அப்ப ரெண்டு பேரும் உட்காந்து பார்ப்போமுங்க. நீங்க என்னைப் பாருங்க, நான் உங்களைப் பாக்கறேன்."

"உக்காரு. ஆனா எனக்கு முன்னால உக்காரு. முதுகுப் பக்கம் வேண்டாம்."

அப்படித்தான் ஒரு நாள் காலையில் சந்தில் ஒரு பெஞ்சைப் போட்டு உட்கார்ந்தோம். புதுச் சில்லு ஒட்டியாயிற்று. சாக்கடை நாற்றம். வெற்றிலை வாங்க நான் எழுந்தால் அவரும் எழுந்தார். அவர் ஒதுங்கப் போனால் நான் பின்னால் போனேன். "இங்கயுமாலே வருவ?" என்று திட்டினார். பொங்கியண்ணன் வந்து பார்த்துவிட்டு, "மாப்பிள்ளையும் பொண்ணும் மாதிரி ஒட்டிக்கிட்டுத் திரியறீங்களே, எப்பங்க ஓலை வாசிக்கறது?" என்று கேட்டார். நம் கோயிலில் கல்யாண அறிவிப்பு வாசிப்பது அவருக்கும் தெரியும்.

மதியம்வரை ஒன்றும் ஆகவில்லை. பிறகு வெயில் கோயில் கூரையைத் தாண்டி மேற்கே இறங்கி, அந்தச் சுவர்மேல் நேராக விழுந்தது. இந்த ஊர்த் தபசு கால வெயில் உங்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். ஒரு சில்லு எங்கள் கண்ணெதிரே, ஒரு கையும் படாமல், இரண்டாகப் பிளந்தது. பிறகு அடுத்தது.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேர் கையும் மடியில் இருந்தன.

சுவர் அசைந்தால் காலையிலும் உடைய வேண்டும். வெயில் ஏறும்போது மட்டும் ஏன் உடைகிறது? எழுந்துபோய் விரல் முட்டியால் தட்டினேன். வெறும் குடம்போல ஒலித்தது. அப்போது புரிந்தது. அசைந்தது சுவரல்ல, சுவர்மேல் இருந்த சிமென்ட் தோல்! கல்லை விட்டுப் பிரிந்து நிற்கும் அந்தத் தோல், வெயிலில் விரிந்து கண்ணாடியை இழுத்து உடைக்கிறது. வெடிப்பும் தோலில்தான். அவர் கண் முன்னாலேயே ஒரு சாண் அகலத்துக்குக் கொத்தி எடுத்தேன். உள்ளே வெட்டுக்கல் ஊறிப்போய், கிணற்றுக்குள் வரும் வாடை அடித்தது. மேல் சாந்து விரலால் நோண்டினால் உதிர்ந்தது. ஆனால் உள்ளே கல் வரிசை வரிசையாக, வண்டிக்காரர்கள் வைத்த இடத்திலேயே, மட்டம் மாறாமல் இருக்கிறது.

சுருக்கமாகச் சொல்கிறேன். வெட்டுக்கல் தரையிலிருந்து தண்ணீர் குடிக்கும். குடித்த தண்ணீர் வெளியே போக வேண்டும். சுண்ணாம்பு அதை விடும். சிமென்ட் விடாது. பதினோரு மழைக்காலத் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்பக்கமாக, பீடத்துப் பக்கமாகக் கசிந்திருக்கிறது. மாதா அழவில்லை. மாதாவின் முதுகு நனைந்திருக்கிறது, அவ்வளவுதான். தோலை உரித்தால் சுவர் காயும். காய்ந்தால் இன்னும் நூறு வருஷம் நிற்கும். இடிக்கத் தேவையே இல்லை!

எனக்கு நயமாகச் சொல்ல வராது. சொல்லிவிட்டேன்.

"ஐயா, சுவரைக் கெடுத்தது உங்க சிமென்ட்டுங்க."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது எத்தன பேருக்குத் தெரியும்?"

"நம்ம ரெண்டு பேருக்குத்தானுங்க."

எழுந்து போனார்.

அன்பர்களே, யோசித்துப் பாருங்கள். அவர் என்ன செய்திருக்கலாம்? வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். கோயிலை இடித்தால் அவர் பிழையும் கல்லோடு கல்லாகக் குப்பைமேட்டுக்குப் போயிருக்கும். ஒருவருக்கும் தெரிந்திராது. 'லயத்துச் சுவர் இல்லியா' என்று கேட்ட வாய்க்கு ஒரு புதுக் கதை கிடைத்திருக்காது. புதுக் கோயிலில் கல்வெட்டும் கிடைத்திருக்கும். எவ்வளவு சுலபம்! மூன்று நாள் அவர் என் கண்ணில் படவில்லை. அந்த வழியில்தான் போய்விட்டார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

நாலாம் நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நிறுத்துப் பாத்துட்டேம்லே. இடிச்சா எந் தப்பு மறஞ்சிரும். கோயிலும் மறஞ்சிரும். தட்டு சரியா வரல. உரிச்சிருவோம்."

"நான் ஆள் பிடிக்கட்டுங்களா?"

"வேண்டாம். டவுன்காரன் வந்து உரிச்சா, கொத்துக்கு ஒரு கத சொல்லிக்கிட்டே உரிப்பான். பூசுனவுங்களே வந்து உரிக்கட்டும். மலைக்குப் போயி இன்னாசியக் கூட்டியாரேன். வந்ததும், ஞாயித்துக்கெழம பூசைக்குப் பொறவு நானே எல்லாருக்கும் முன்னால சொல்லிருதேன். நீ முந்திக்காத."

இதுதான் சுவக்கீன்! காணிக்கை கொடுத்தவர்கள் நம் கோயில் சரித்திரத்தில் எத்தனையோ பேர். கொடுத்த காணிக்கையைத் தன் கையாலேயே உரித்து எடுக்கத் துணிந்தவர் வேறு யார்? ஒருவர் பெயர் சொல்லுங்கள்!

அவர் மலைக்குப் போனார். கம்பம்மெட்டில், பஸ்ஸுக்காக டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் இன்னாசியும் அவர் தம்பியும். அதோ, பந்தலுக்கு வெளியே கடைசியில் நிற்கிறார்களே, அவர்கள்தான். உடலோடு கம்பம், பழனி, பொள்ளாச்சி என்று வந்து சேர்ந்தவர்கள் இன்னும் ஊர் திரும்பவில்லை. ஏன் என்று யாராவது கேட்டீர்களா? சாப்பாடாவது போட்டோமா? டீக்கடையில் சுவக்கீன் பேசிய கடைசிப் பேச்சு என்ன என்று இன்னாசியை நான் கேட்டேன். சொன்னார்: "'கொத்துளிய எடுத்துக்கிட்டியாலே? சிமிட்டிய மட்டும் எடு, கல்லத் தொட்டுராத'ன்னாக. அதுக்குப் பொறவு பேச்சு வரல."

கடைசி ஆசை வேண்டும் என்றீர்களே, இதோ கடைசி ஆசை! கல்லைத் தொடாதே என்றவர் பெயரால் கல்லை இடிக்கப் போகிறீர்களா?

செத்தவரின் பிழையைச் சாவுக் கூட்டத்தில் சொல்வதா என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். வியாகுலம்மாளிடம் கேட்டுவிட்டுத்தான் மேடை ஏறினேன். அவர் சொன்னது இது: "சொல்லு தம்பி. அவுக வந்து சொல்லணும்னுதான் போனாக. பாதி வழியில மூச்சு நின்னுபோச்சு. மீதிய நீ சொல்லு."

சாமி, உங்களிடம் ஒரு வார்த்தை. மலைக்குப் போகும் முன் உங்களிடம் எல்லாவற்றையும் சொன்னதாக அவர் என்னிடம் சொன்னார். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாரா, வெளியே நின்று சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. பாவசங்கீர்த்தனம் என்றால் நீங்கள் வாய் திறக்க முடியாது, நான் கேட்கவில்லை. வெளியே சொன்னார் என்றால் இந்தக் கூட்டம் கலைவதற்குள் நீங்கள் சொல்ல வேண்டும். இந்த வரைபடம் தொங்கும்போது நீங்கள் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு நன்றாகப் படவில்லை. மன்னியுங்கள் என்று சொல்லமாட்டேன். பதில் சொல்லுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

செயலாளர் அவர்களே, நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் புதுக் கோயில் கேட்கிறீர்களோ என்னவோ, எனக்குத் தெரியாது. கைக்காரரை நான் சந்தேகப்பட்டேன், அது நிலைக்கவில்லை. உங்கள் மேலுள்ளதும் நிலைக்காமல் போகலாம். போனால் எனக்குச் சந்தோஷம்தான். அதற்கு ஒரு வழி உண்டு. இன்னொரு ஊரிலிருந்து, எனக்கும் உங்களுக்கும் தெரியாத ஓர் எஞ்சினீயரைக் கூட்டி வாருங்கள். சுவரைத் தட்டிப் பார்க்கட்டும். ஸ்கூட்டரை விட்டு இறங்கித் தட்டிப் பார்க்கட்டும்!

ஆனால் அதுவரை வேலை நிற்காது. இன்னாசி என்னிடம் காலையில் கேட்டார்: "வேல உண்டா, இல்ல நாங்க பஸ் ஏறட்டுமா?" உண்டு என்று சொல்லிவிட்டேன். கமிட்டி கூடித் தீர்மானம் போடவில்லையே என்று கேட்பீர்கள். அவரவர் சுவருக்கு அவரவர் குடும்பம் பொறுப்பு. தபசு காலத்தில் யார் சுவரில் ஏணி வைக்கவும் கமிட்டியைக் கேட்பதில்லை. இது நம் வழக்கம். மேற்குச் சுவர் சுவக்கீன் குடும்பத்துச் சுவர். குடும்பத்துத் தலைவி இதோ இருக்கிறார், உத்தரவு கொடுத்துவிட்டார். நாளைக் காலைப் பூசை முடிந்ததும் தொடங்குகிறோம். குடும்பத்தார் மட்டும் கை வைக்கலாம் என்பதால் எனக்கே அனுமதி கேட்க வேண்டியிருந்தது. வியாகுலம்மாள், "நீ அவுகளோட உக்காந்த புள்ள, வா" என்றார். வேறு யாராவது வர விரும்பினால் அந்த அம்மாவிடம் கேளுங்கள். என்னிடம் கேட்க வேண்டாம்.

கைக்காரர் சுவக்கீனே! உங்கள் வேலையை நாங்கள் முடிப்போம். கல்லைத் தொடமாட்டோம்.

கடைசியாக ஒன்று. உரித்த சுவருக்கு உடனே சுண்ணாம்பு பூசக் கூடாது. ஊறிய கல் வெயில் குடித்து, ஒரு மழைக்காலம் தாண்டி, மெதுவாகத்தான் காயும். அவசரப்பட்டால் பழைய தப்பே திரும்ப வரும். அதனால் இந்த உயிர்த்த ஞாயிறன்று கோயிலின் மற்ற சுவர்களெல்லாம் வெள்ளையாக இருக்கும். அது ஒன்று மட்டும் சிவப்பாக, தழும்போடு, வெறுங்கல்லாக நிற்கும். வெளியூரிலிருந்து விருந்தாளிகள் வருவார்கள். பெண் கேட்டும் வருவார்கள். இது யார் சுவர், ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். அப்போது நீங்கள் சிரிக்கக் கூடாது. மலைக்காரன் கதை என்று ஆரம்பிக்கக் கூடாது. இது கைக்காரர் சுவக்கீன் வீட்டுச் சுவர், காய்ந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.